பன் தட்டி

மேற்கு அறைக்கு ஒரே யன்னல். அது வாவியைப் பார்த்திருந்தது. மதியம் திரும்பினால் மாலைவரை வெயில் அதன் மேல்தான்.

ஜெமீலா அந்த அறையில் விதவைக்குரிய இத்தா இருந்தாள். புருஷன் வெல்லாவெளி வயல் வட்டைக்கு வேளாண்மை வெட்டப் போய்க் காய்ச்சலோடு வந்தான். நாலாம் நாள் மௌத்தானான். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் அவள் படக்கூடாது. முன்னறையில் தமையன் சாலிஹின் தறி இருந்தது. துணி வாங்க ஆட்கள் வந்துபோவார்கள். ஆகவே இந்த அறைதான். கூட மூன்று மாதப் பெண் குழந்தை.

முதல் நாளே சாலிஹ் யன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டினான். சண்டைக்காலம். நூல் கிடைப்பதே அரிது. அப்படியும் கட்டினான். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கத் தொடங்கி அறை கொதித்ததும் அதன் மேல் இன்னொன்றும் கட்டினான்.

"என்ட நெசவுக்குள்ளால வெயில் வராது," என்றான்.

வெயில் வரவில்லை. சூடு வந்தது. காற்றும் நின்றுபோனது.

குழந்தையின் கழுத்தில் வேர்க்குரு முற்றிக் கொப்புளமானது. பகலில் அது பால் குடிக்கவில்லை. வாய் வைக்கும். தாயின் தோல் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்று நாளாக மூத்திரமும் குறைந்துவிட்டது. ஜெமீலா விசிறினாள். கை மாற்றி விசிறினாள். விசிறிக்கொண்டே தூங்கி, விசிறி விழும் சத்தத்தில் விழித்தாள்.

மாமியார் ஆயிஷா உம்மா துணைக்கு வந்திருந்தாள். மகன் போனபின் அவள் அதிகம் பேசுவதில்லை. துணியின் ஓரம் விலகினால் மட்டும் எழுந்து போய்ச் சொருகிவிட்டு வருவாள்.

தயிர் கொண்டுவரும் கண்ணகை பின்வாசலால் அறைக்குள் வந்தாள். வந்த வேகத்தில் வெளியே போய் நின்றாள்.

"என்னகா இது, புட்டுப் பானையா? புள்ளைய அவிச்சா எடுக்கப் போறீங்க?"

"நீ தயிர் விக்க வந்தியா, புத்தி சொல்ல வந்தியா?" என்றாள் ஆயிஷா உம்மா.

"ரெண்டும்தான் உம்மா. புத்தி சும்மா." கண்ணகை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "துணியக் கழட்டுங்க. பன்னுத் தட்டி ஒண்டு கட்டி வெளிப்பக்கம் தொங்க விடுங்க. தண்ணி ஊத்தினா கச்சான் குளுந்து வரும். எங்கட வயல் வாடியில அப்பிடித்தான்."

"காத்து வாற ஓட்டையால கண்ணும் வரும்."

"வராது உம்மா."

"உனக்கென்ன தெரியும்."

ஆயிஷா உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெமீலா தயிர்ச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பன் கொண்டு வருவியா?"

இரண்டு நாள் கழித்துக் கண்ணகை ஒரு கட்டுப் பன் கொண்டுவந்தாள். வாவிக்கரையில் அறுத்துக் காயவைத்த கோரைப்புல். ஜெமீலா அதை நிரையாகப் பரப்பி, தறியில் கழிந்த நூலால் தெற்றினாள். ஒரு பன்னுக்கும் அடுத்ததற்கும் நகக்கண் அளவு இடைவெளி விட்டாள். குழந்தை அழும்போது நிறுத்தினாள். அழுகை நின்றதும் தொடர்ந்தாள். ஒன்றரை நாள் ஆனது.

சாலிஹ் அதைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்ன நெசவு? பல்லு விழுந்த கிழவன்ட வாய் மாதிரி. ஆரும் கேட்டா நான் செஞ்சதெண்டு சொல்லிராத."

"சொல்லமாட்டன் காக்கா. கட்டி விடுங்க."

அவன் வெளியே போய்க் கட்டினான். உள்ளே துணி அப்படியே இருந்தது. ஆயிஷா உம்மா அதன் முன்னால் நின்றாள்.

"இது என்ட மகனுக்கு இருக்கிற இத்தா. ஒருத்தன்ட கண் பட்டாலும் நான் பொறுக்கமாட்டன்."

குழந்தை பாயில் கிடந்தது. அழவில்லை. அழுவதற்கு அதற்குத் தெம்பில்லை.

"நீங்களே வெளிய போய்ப் பாருங்க மாமி," என்றாள் ஜெமீலா. "நான் தெரிஞ்சா துணிய நானே கட்டுறன். பிறகு கேக்கமாட்டன்."

ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். கரையில் ஆள் இல்லையென்று பார்த்து, யன்னலுக்கு நேரே வந்து நின்றாள். வெயில் அவள் முதுகில் இருந்தது. ஜெமீலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணியை ஒதுக்கினாள்.

"எங்க இரிக்காய்?"

"உங்களுக்கு நேர, மாமி."

"கைய அசை."

"அசைக்கிறன்."

ஆயிஷா உம்மா இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். கண்ணைச் சுருக்கினாள். பன்னையும் அதன் பின்னால் இருட்டையும் தவிர எதுவும் தெரியவில்லை.

"புள்ளையத் தூக்கு."

"தூக்கித்தான் நிக்கன்."

உள்ளேயிருந்து ஜெமீலாவுக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக வெளிச்சத்தில் மாமியின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, தாடை எலும்பு வெளியே வந்திருந்தது. மௌத்தாவதற்கு முதல்நாள் புருஷனுக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆயிஷா உம்மா உள்ளே வந்தாள். தட்டியருகே முகத்தை வைத்துப் பார்த்தாள். வாவி, தூரத்தில் ஒரு தோணி, அதில் தண்டு வலிப்பவனின் தலைப்பாகை.

"உனக்கு எல்லாம் தெரியுதே."

"ஓம்."

"பாத்துக்கொண்டா இருக்கப் போறாய்?"

"பாக்க என்ன கிடக்கு மாமி."

ஆயிஷா உம்மா துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"விளக்குக் கொளுத்தினா உள்ளுக்கு இருக்கிற ஆள் வெளியில தெரியும். பொழுதுபட, மஹ்ரிபுக்கு முந்தித் துணியப் போட்டிரணும்."

"போடுறன்."

இரண்டு துணிகளையும் அவளே அவிழ்த்தாள். நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு கிணற்றடிக்குப் போனாள். வாளியின் சத்தம் கேட்டது. வெளிப்பக்கம் வந்து தட்டியில் தண்ணீரை வீசினாள்.

பன் கறுத்தது. காற்று அதற்குள்ளால் வந்தது, ஈரமாக. ஒரு துளி தெறித்துக் குழந்தையின் கழுத்தில் விழுந்தது. அது உடம்பை உதறியது. ஜெமீலா மார்பில் வைத்தாள். அது முகத்தைத் திருப்பியது. மீண்டும் வைத்தாள். பிடித்துக்கொண்டது.

"குடிக்குதா?" வெளியேயிருந்து குரல் வந்தது.

"குடிக்குது மாமி."

குழந்தை விடாமல் குடித்தது.

"இந்தா, மேல் பக்கம் காஞ்சிட்டு. எத்தின தரம் ஊத்தணும்?"

"காயக் காய ஊத்தணும்."

"இத்தா முடிய இன்னம் எத்தின நாள்?"

"எழுபது சொச்சம்."

ஆயிஷா உம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பி நடந்தாள். போகிற வழியில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தட்டிக்குள்ளால் ஜெமீலா அதைப் பார்த்தாள்.