பக்கவாட்டுப் படம்

குளியலறைக் கதவை அவள் மூன்றாம் முறையாகத் தட்டினாள். உள்ளே குழாய் நின்று, பிளாஸ்திரியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, எனக்கு எட்டரைக்கு பஸ்."

"ஆச்சு, ஆச்சு."

"அரை மணி நேரமா இதையேதான் சொல்றீங்க. உங்க மூக்கு வர்ற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் பல்லு விளக்கக் கூடாதா?"

உள்ளிருந்து சிரிப்பு வந்தது. மூக்கில்லாதவரின் சிரிப்பு, வெறும் காற்று. "பதினோரு நாள்தானே குட்டி. பொறுத்துக்கோ."

அவள் கோபத்தோடு சமையலறைத் தொட்டியில் பல் விளக்கினாள். அதற்கு அம்மா ஒரு பாட்டம் திட்டினாள். அந்தச் சண்டையில் பஸ்ஸும் போயிற்று. ஒன்பது மணி ஆகியும் கதவு திறக்கவில்லை. தட்டியதற்கு "ஆச்சு" என்ற பதில்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்து கீல்களைக் கழற்றினார். கதவு சாய்ந்தபோதும் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அப்பா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். புது பிளாஸ்திரி ஒரு பக்கம் ஒட்டியிருந்தது, மறுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மாரடைப்பு என்றார் தெருமுனை டாக்டர். ஏதோ சின்ன விஷயத்துக்கு அழைத்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "மூக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா" என்று சேர்த்துச் சொன்னார்.

சம்பந்தமில்லாமல், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சாவதும் அப்பாவின் வழக்கப்படிதான் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டரை வருடத்துக்கு முன் மூக்கின் ஓரத்தில் வந்த கொப்புளம் புற்றுநோய் என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் மூக்கு முழுவதையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் முகத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கட்டு மாற்றுவது அவரே, அதுவும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. சாப்பிடுவது சுவரைப் பார்த்து. "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ நான். எனக்கும் காட்டக் கூடாதாம். நான் என்ன டிக்கெட் வாங்கிட்டா வரணும்?" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தொழில் பாஸ்போர்ட் படம் எடுப்பது. கடையில் முகக்கவசத்தோடு கேமராவுக்குப் பின்னால் நின்று, அடுத்தவரிடம் "மோவாயைத் தூக்குங்க, நேரா பாருங்க" என்பார். எடுத்த படத்தைச் சும்மா விட மாட்டார். மருவை எடுப்பார், காதைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார். முகம் பொருந்தவில்லை என்று அலுவலகங்கள் திருப்பி அனுப்பிய படங்களோடு வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து கத்துவார். "அழகா இருக்கறதுக்கு அபராதமா?" என்பார் அப்பா. மறுபடி எடுப்பார். மறுபடியும் மருவை எடுப்பார்.

புது மூக்கு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது அந்த வீட்டில் நம்பியவர் அவர் ஒருவர்தான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, மூக்கின் வடிவத்தில் செய்த மெல்லிய வலையில் வளர்ப்பார்களாம். "கட்டடத்துக்குச் சாரம் கட்டற மாதிரிதான். அங்க வேலை முடிஞ்சதும் சாரத்தைப் பிரிக்கணும். இது தானாவே கரைஞ்சு போயிடும். மிச்சம் இருக்கறது முழுக்க உங்க சொந்தச் சதை" என்று அறுவைச் சிகிச்சை டாக்டர் விளக்கியதை அவர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம், தன் சொந்தக் கண்டுபிடிப்புபோலச் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அத்தை வந்துவிட்டாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள், பையிலிருந்து துண்டை எடுத்து முகத்தை மூடினாள்.

"இப்படியே இருக்கட்டும். வர்றவங்க பயந்துடுவாங்க."

"மூஞ்சியை மூடி அனுப்பறதுக்கு அவர் என்ன திருடரா அண்ணி?" என்றாள் அம்மா. அதுவரை அவள் அழவே இல்லை. "எடுங்க அதை."

"எடுத்தா அங்க என்ன இருக்கு? ஓட்டைதானே இருக்கு."

அம்மா மகளைப் பார்த்தாள். "நீ போய் அந்த மூக்கை வாங்கிட்டு வா."

"அம்மா, அது என்ன தைக்கக் குடுத்த சட்டையா?"

"அவர் இடுப்புலேர்ந்துதானே எடுத்தாங்க? அவர் பொருள்தானே? அஞ்சு மணிக்கு எடுக்கறதுக்குள்ள வாங்கிட்டு வா. முழு முகமாப் போகட்டும் மனுஷன்."

"அதை ஒட்ட முடியாதும்மா."

"ஒட்ட வேண்டாம், வச்சு அனுப்பலாம். போ."

வாதாடுவதைவிடப் போய்வருவது சுலபம் என்று அவள் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவர் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "இருபத்திரண்டாம் தேதி சர்ஜரி. பேஷன்ட் எங்க?"

"இறந்துட்டார். இன்னிக்குக் காலையில."

"அப்போ சர்ஜரியைத் தள்ளி வைக்கணுமா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கே புரிந்து, நாலாவது மாடி என்று கையால் காட்டினார்.

நாலாவது மாடியில் நீல அங்கி போட்ட பெண் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து பேசினாள். அவள்தான் வாரா வாரம் போன் செய்து "நல்லா வளருது சார்" என்று அப்பாவிடம் சொல்பவள். செய்தியைக் கேட்டதும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டாள்.

"நேத்திக்குக் கூடப் பேசினேனே அக்கா. மூச்சு விட்டா விசில் அடிக்குமான்னு கேட்டார்."

"அதைக் குடுத்தனுப்புவீங்களா? அம்மா கேக்கறாங்க."

"முடியாதுக்கா. இது இன்னும் சோதனையில இருக்கற சிகிச்சை. கட்டடத்தை விட்டு வெளிய எடுத்துப் போகவே கூடாது. எடுத்தாலும் நிக்காது. உடம்புக்குள்ள வச்சு ரத்தம் ஓடினாத்தான் அதுக்கு உயிர். வெளிய வச்சா சாயங்காலத்துக்குள்ள காஞ்சு சுருங்கிடும்." கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "வேணும்னா காட்டறேன்."

கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெட்டியைத் திறந்து, தட்டையான கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெளிர் சிவப்புத் திரவத்தில் மங்கலான வெள்ளையில் ஒரு மூக்கு கிடந்தது. ஓரங்களில் மட்டும் வலையின் இழைகள் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் மூடியிருந்தது.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது எங்க அப்பாவுது இல்ல."

"நல்லாப் பாருங்க அக்கா, அட்டையில எண் இருக்கு."

"இல்லங்க. அவருக்கு நடுவுல ஒரு மேடு உண்டு. இந்தாங்க, இதே மாதிரி." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கிளி என்று கூப்பிட வைத்த மேடு. "இது பென்சில் மாதிரி நேரா இருக்கு."

அந்தப் பெண் பதறிப்போய்க் கோப்பை எடுத்து வந்தாள். "மூக்கை எடுத்த பிறகுதான் அவர் எங்ககிட்ட வந்தார். ஸ்கேன்ல மூக்கு இல்லாததால பழைய படம் கேட்டோம். பக்கவாட்டுல எடுத்தது. அவரே கொண்டுவந்து குடுத்தார். அதை வச்சுத்தான் அச்சு பண்ணினோம்."

படம் கல்யாணத்துக்கு முன் எடுத்தது. இளம் வயது அப்பா பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறார். மூக்கு நெற்றியிலிருந்து நேராக வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. மேடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மிகச் சீராக, வேண்டிய அளவைவிடச் சீராக இருந்தது. அப்போதெல்லாம் நெகட்டிவில் பென்சிலால்தான் திருத்துவார்.

"ஐயோ அப்பா" என்றாள். அந்தப் பெண் அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளைப் பிடித்தாள். அவளுக்கு வந்தது அழுகையில்லை, எரிச்சல். அத்தனை டாக்டர்கள், இடுப்பில் ஊசி, எட்டு வாரம். தன் மூக்கைக் கேட்டவர்களிடம் திருத்திய படத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மறந்து கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா என்று கேட்கக்கூட ஆளில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாலேகால். அம்மா அவள் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"தரலையா?"

"தர முடியாதாம். காஞ்சு போயிடுமாம்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துது?"

அவள் செருப்பைக் கழற்ற நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். "நேரா இருந்துச்சும்மா. மேடு இல்ல. திருத்தின படத்தைக் குடுத்திருக்கார்."

அம்மா துண்டு மூடிய முகத்தைப் பார்த்தாள். "பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியும் அந்தப் படத்தைத்தான் அனுப்பினார்" என்றாள். "நேர்ல பாத்துட்டு, யாரோ வேற ஆள் வந்துட்டாங்கன்னு நான் உள்ள ஓடிட்டேன்."

அத்தை சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் அலமாரியிலிருந்து புதுப் பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து வந்தாள். தொங்குவதை எடுத்துவிட்டு ஒழுங்காக ஒட்டலாம் என்று நினைத்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒட்டாதே. ரெண்டு வருஷம் மூடினது போதும்."

துண்டை எடுத்து அத்தையின் மடியில் போட்டாள். பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பி, தோல் இழுபடாமல் உரித்தாள். உயிரோடு இருப்பவருக்கு உரிப்பதுபோலவே நடுவில் ஒருதரம் நிறுத்தினாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"இதுக்கா தாழ்ப்பாள் போட்டீங்க?" என்றாள் அவரிடம்.

ஐந்து மணிக்கு அந்த முகத்தோடுதான் எடுத்தார்கள். யாரும் பயப்படவில்லை. ஒரு குழந்தை மட்டும் உற்றுப் பார்த்தது, பிறகு அதுவும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நீல அங்கிப் பெண் இல்லை, அலுவலகத்தில் யாரோ ஒருவர்.

"மேடம், வளர்ப்பை நிறுத்தணும்னா பேஷன்ட் கையெழுத்து வேணும்."

"அவர் இறந்துட்டார்னு எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும் மேடம். அப்போ வாரிசுன்னு விண்ணப்பம் போடணும். கமிட்டி பாத்து முடிக்க மூணு வாரம் ஆகும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் எப்பவும் போலத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் திரவம் மாத்துவோம். இன்னிக்குக் காலையிலகூட மாத்தியாச்சு."

அவள் குளியலறைப் பக்கம் பார்த்தாள். கதவு இன்னும் சுவரோரம் சாய்த்தபடி இருந்தது. கதவு இருந்த இடத்தில் திரையைக் கட்டிவிட்டு அம்மா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்ல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்ல மேடம். உடம்புச் சூடு. முப்பத்தேழு டிகிரி. அது மாறாது."