தெருக்குத்து

லிஃப்ட் பழுதென்று கதவில் மறுபடியும் சிவப்பு வெள்ளைப் பட்டியைக் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். ஜெயமலர் நடைவண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில், தண்டவாளத்துக்கு அடியால் போகும் சுரங்கப்பாதையின் படிகள். அவளுடைய முழங்கால்களுக்கு அந்தப் படிகளும் ஒன்று, பாழுங்கிணறும் ஒன்று.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அக்கா மங்கையற்கரசி இருக்கிறாள். இன்றைக்கு மட்டும்தான். அக்காவின் மகன் அபிஷன் அவளைக் கூட்டிப்போய் ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறான். ஒருத்தி கையை ஒருத்தி விடாமல் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். ரயில் கேற் இருந்த காலத்தில், அது திறந்ததும் ஜெயமலர் தண்டவாளத்தைக் கடந்து அக்கா வீட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விடுவாள். கேற்றை எடுத்தபிறகு எல்லாம் போனில்தான்.

டோர்ட்மண்டின் நடுவில் ரோட்டையும் தண்டவாளத்தையும் நூறு வருடத்துக்கு முன்பே பிரித்துவிட்டார்கள். இந்த ஓரத்தின் ஞாபகம் நகரசபைக்கு இப்போதுதான் வந்தது. பாலமா சுரங்கமா என்று சனத்தைக் கூட்டிக் கேட்டபோது, சுரங்கத்துக்கு முதல் ஆளாகக் கையை உயர்த்தியவர் அவள் கணவர் கணேசலிங்கம். தண்டவாளத்தைக் கடந்து நேரே வந்த தெரு அவர்கள் வாசலில் முட்டியது. தெருக்குத்து வீட்டுக்கு ஆகாது என்று, வாசலில் பிள்ளையாரை வைத்தும் மனிதருக்கு நித்திரையில்லை. சுரங்கமென்றால் தெரு நிலத்துக்குள் இறங்கி வளைந்து வேறெங்கோ வெளிவரும். ஜெர்மன்காரருக்கு அவருடைய பயம் விளங்கவில்லை. ஆனாலும் வேண்டியதைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர்கள் வாசலுக்கு எந்தத் தெருவும் நேரே வருவதில்லை.

போன் அடித்தது. அபிஷன்தான்.

"சின்னம்மா, இல்லத்தில டெர்மின் இருக்கு, சொன்ன நேரத்துக்குப் போகவேணும். சுத்தி வர நேரமில்லை. அம்மாவைத் தண்டவாளக் கரைக்குக் கொண்டு வாறன். உங்கடை பக்கத்துக் கண்ணாடிச் சுவரடிக்கு வாங்கோ."

வீட்டிலிருந்து வந்த கணேசலிங்கம் அவளைத் தாங்கிக் கூட்டிப்போனார். ரயில் இரைச்சலைத் தடுக்க இரண்டு கரையிலும் நிலத்திலிருந்தே எழுப்பிய கண்ணாடிச் சுவர்கள். எதிர்ச்சுவருக்கு அப்பால் சக்கர நாற்காலியில் அக்கா. வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஜெயமலர் கண்ணாடியில் கையால் அடித்து, "அக்கா!" என்று கத்தினாள். அந்தக் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. சுரங்கத்துக்குக் கையை உயர்த்திய கணவர் மேல் வந்த கோபத்தில் அவருடைய பிடியை உதறினாள்.

சாமான் ரயிலொன்று வந்தது. வேகம் குறைந்து, சிக்னலுக்காக, சரியாக அவர்களுக்கு நடுவில் நின்றது. பெட்டிகளுக்கு முடிவே தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். அது அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, எனக்குக் குனிய ஏலாது. அடியால பாருங்கோ. அக்கா இருக்கிறாவோ, போயிட்டாவோ?"

கணேசலிங்கம் முழங்காலில் இருந்து, கன்னத்தை நிலத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாற்காலிச் சில்லு தெரியுதோ?"

"ஓம். தெரியுது."

"உண்மையாவோ?"

"ஓம், மலர்."

அவர் எழும்பவில்லை. கன்னம் நிலத்திலேயே கிடக்க, அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.