கழற்றிய தாழ்ப்பாள்

ஜெர்மனியில், மாணவர் உதவித்தொகை அலுவலகத்தில் என் வாய்க்கு மட்டும்தான் கூலி. அதிகாரி ஜெர்மனில் சொல்வதைப் போலிஷில் சொல்வேன், போலிஷ்காரர்கள் சொல்வதை ஜெர்மனில். அவர்கள் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, எதையும் விழுங்கக் கூடாது. சரக்கு ரயில் மாதிரி நீளும் அந்த ஜெர்மன் சட்டச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் போலிஷில் ஒன்று தேடி வைத்திருக்கிறேன். பெருமைகூட உண்டு. அன்றைக்கு அத்தனையும் வெறுத்துப்போனது.

கிங்காவுக்குப் பத்தொன்பது வயது. குழந்தைகள் காப்பக வேலைக்காகத் தொழிற்பள்ளியில் படிக்கிறாள். அம்மா போஜேனாவும் அம்மாவின் இரண்டாவது புருஷன் மாரெக்கும் இருக்கிற வீட்டை விட்டு வந்து, தோழி வீட்டு சோஃபாவில் படுத்துக்கொள்கிறாள். தோழியும் கிளம்பச் சொல்லிவிட்டாள். உதவித்தொகை கிடைத்தால் ஒரு அறை எடுப்பாள். இல்லையென்றால் அந்த வீடுதான். வருமான விவரத்துக்குக் கையெழுத்துப் போட போஜேனா வந்திருந்தாள். ஜெர்மன் தெரியாத அவளுக்காகத்தான் நான்.

அதிகாரி பேரென்ஸ் அம்மாள் மாண்டரின் ஆரஞ்சை உரித்துக்கொண்டே விளக்கினாள். “வீட்டுலேர்ந்து பள்ளிக்கு ஒரே பஸ்தானே? தனியா இருக்கப் பணம் தரணும்னா வீடு தூரமா இருக்கணும். இல்ல, உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கணும். இல்ல, குழந்தை இருக்கணும்.”

“அப்போ எவனையாவது கட்டிக்கிட்டு வந்தா குடுப்பீங்க?” என்றாள் கிங்கா.

“குடுப்போம்” என்றாள், ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு. “வீட்ல இருக்கறதுல என்ன கஷ்டம்?”



“திமிர்தான், வேறென்ன!” என்றாள் போஜேனா. “ஊர் சுத்தணும். என் புருஷன் கண்டிக்கிறார், பிடிக்கல.”

‘என் புருஷன் கண்டிக்கிறார்’ என்று நான் சொன்னேன். என் வாயால். தூ!

பிறகு போஜேனா மகள் காதருகே குனிந்து சீறினாள். “குளிக்கிற ரூம் தாழ்ப்பாளை அவரே திரும்பப் போட்டுடறேன்னு சொல்லிட்டாருடி. பேசாம வந்துடு.” என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, இது எங்க வீட்டுப் பேச்சு. சொல்லாதீங்க.”

அறைக்குள் பேசுவதெல்லாம் மொழிபெயர்க்கப்படும் என்று தொடங்குமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் என்னை நாற்காலி என்று நினைத்துவிடுகிறார்கள். தாழ்ப்பாளைச் சொன்னேன். ‘சொல்லாதீங்க’ என்பதையும் சொன்னேன்.

பேரென்ஸ் அம்மாளின் கை நின்றது. அதுவரை கிங்கா தாழ்ப்பாள் என்று மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை.

“கழட்டினது யாரு?”

“நீயெல்லாம் ஒரு போலிஷ்காரியா? சீ!” என்று போஜேனா என்னைப் பார்த்துக் கத்தினாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி விரல்களைத் துடைத்துக்கொண்டாள். “பாவம்தான். இதுக்கு வேற ஆபீஸ் இருக்கு, விலாசம் தரேன். ஆனா எங்க சட்டத்துல கல்யாணம் இருக்கு, குழந்தை இருக்கு. தாழ்ப்பாள் இல்ல.”

சீ, என்ன பிழைப்பு! அதையும் போலிஷில் சொன்னேன். போஜேனாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன்.

வெளியே மாரெக் காரில் காத்திருந்தான். போஜேனா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மகள் கையில் திணித்தாள். புதுத் தாழ்ப்பாள், திருகாணிகளோடு. “அவர் வேண்டாம், நீயே போட்டுக்கோ” என்று முணுமுணுத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மாரெக் உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

தோழி வீட்டுப் பக்கம் போகிற பஸ் வந்து நின்று, அதுவும் கதவைத் திறந்தது. கிங்கா இரண்டுக்கும் நடுவில் நின்றாள். அவள் கைக்குள் திருகாணிகள் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருந்தன.