பாத்திமா பச்சை

இஃப்பத்திடம் ஆறு பச்சை இருந்தது. திருச்சி பெரிய கடைவீதியில் சம்கி விற்கிறவனைக் கேட்டால் எல்லாம் ஒரே பச்சைதான் என்பான். அவனுக்கென்ன, விற்றால் போதும். துணியில் அந்த மினுமினுப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைக்கிறவளுக்கு ஒரு பச்சை இன்னொரு பச்சைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிகூடக் கிடையாது. தவறிப்போய் மாற்றித் தைத்துவிட்டால் இலை இலையாக இருக்காது, துணியில் கறை பட்ட மாதிரி இருக்கும்.

அரியலூரில் பிறந்து லப்பைக்குடிகாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். புருஷன் அப்துல் சலாம் ஷார்ஜாவில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் வேலை பார்த்தான். போன வருஷம் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்ன மிஷினைக் கொடுத்துவிட்டிருந்தான். இங்கிலீஷ் எழுத்துகளைத் தட்டினால் பின்னால் பசை தடவிய வெள்ளை நாடாவில் அச்சடித்து, நாக்கை நீட்டுவது போல வெளியே நீட்டும். “எல்லா டப்பாவுலயும் பேரு ஒட்டி வையி. தேடாம எடுக்கலாம்” என்று போனில் சொன்னான்.

முதல் டப்பாவுக்கு ‘கிரீன்’ என்று அடித்தாள். இரண்டாவதற்கும் கிரீன்தான். மூன்றாவதற்கு வந்ததும் மிஷினைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். இந்தப் பச்சைகளைத் தன் மனசுக்குள் தான் எப்படிக் கூப்பிடுகிறோம்? கிளிப்பச்சையைப் பார்த்தால் அவளுக்குக் கிளி ஞாபகம் வருவதில்லை. பாத்திமா பீவிதான் ஞாபகம் வருவாள். சலாமுடைய அப்பாவின் கூடப்பிறந்தவள், அவனுக்கு மாமி. பத்து வருஷமாக ஊரில் நடந்த அத்தனை நிக்காஹுக்கும் ஒரே கிளிப்பச்சைப் பட்டுச்சேலையில் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவள். அந்த டப்பாவில் ‘பாத்திமா’ என்று ஒட்டினாள். முதலில் ஒட்டிய இரண்டு ‘கிரீன்’களையும் உரித்துப் போட்டாள். அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பாசி நிறம் எதிர்வீட்டு ஹாஜரா. கத்தரிப்பூ நிறம் கடைசி வீட்டு ரஹ்மத். இப்படியே சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் உள்ளறை அலமாரியில் திரைக்குப் பின்னால் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டப்பாக்கள் எல்லாம் கல்ஃபிலிருந்து வந்து காலியான பிஸ்கட் டின்களும் பேரீச்சம்பழ டப்பாக்களும்தான்.

இந்தக் கூத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. “இன்னைக்கு ஹாஜராவ எடுத்துப் பாத்திமாவுக்குப் பக்கத்துல உக்கார வைக்கணும்” என்று தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொண்டு, கறுப்பு வெல்வெட்டில் ஒரு திராட்சைக் கொடியைத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரம்பலூரில் பெண்களுக்கான கைவேலைக் கண்காட்சி நடக்கப் போகிறது. வியாழக்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் சுவரில் மாட்டுவார்கள். இத்தனை காலமும் தலையணை உறையாகவும் டிவி மேல் போடும் துணியாகவும் கிடந்த அவள் வேலை, முதன்முதலாக ஊரார் பார்க்க ஒரு சுவரில் தொங்கப் போகிறது. அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சலாம் ஊருக்கு வந்தான். கடையை மூடிவிட்டார்கள். கையில் ஒரே ஒரு பை, அதில் அவனுடைய துணிமணி, ஒரு டஜன் தைல பாட்டில். கடை போன விஷயத்தைப் பொண்டாட்டியிடம் மட்டும் சொன்னான்.

வெறுங்கையோடு வந்து இறங்குவது அந்த ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. வந்தவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்க்கிற ஊர் அது. முதல் நாளே பாத்திமா பீவி கேட்டுவிட்டாள். “என்னடா தம்பி, ஒத்தப் பையோட எறங்கியிருக்க?”

“சாமான் கார்கோல வருது மாமி” என்றான் சலாம். மற்றதெல்லாம் கப்பலில் பின்னாலே வருகிறதாம். வாய் தவறி வந்த பொய்தான். ஆனால் வந்தது வந்ததுதான். மறுநாளிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் “கார்கோ வந்துருச்சா?” என்றுதான் அவனிடம் பேச்சையே ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலுக்கு முன்வாசல் வழியாகப் போகிறவன், பின்சந்து வழியாகத் திரும்பி வர ஆரம்பித்தான். புருஷன் சொந்த ஊரில் திருடன் மாதிரி நடப்பதைப் பார்க்க இஃப்பத்துக்குச் சகிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பாத்திமா பீவி, ஹாஜராவையும் ரஹ்மத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தானாம். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். “தொழுதுட்டு வந்துர்றேன்” என்று உள்ளறைக்குப் போன பாத்திமா பீவி, தொழுகைப் பாய் தேடி அலமாரித் திரையை விலக்கினாள்.

“அடி ஹாஜரா! கார்கோ வந்துருச்சுடி!”

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தன் பேரை இங்கிலீஷில் படிக்க அந்தத் தெருவில் யாருக்கும் தெரியும். கடல் கடந்து வருகிற பார்சல் மேல் அப்படித்தான் எழுதியிருக்கும். பேர் எழுதியிருந்தால் அது அவர்களுக்கு வந்த சாமான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாத்திமா பீவி தன் பேர் போட்ட பிஸ்கட் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “எல்லாருக்கும் பேரு போட்டு அடுக்கி வச்சுட்டுத் தராம இருக்கீங்களே! நல்ல ஆளுங்கதான் போ.”

இஃப்பத் வாயைத் திறந்தாள். அது என்னுடையது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அப்போது நிலைப்படியில் நின்ற சலாமைப் பார்த்தாள். பரீட்சையில் பிட்டோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி முகம் வெளுத்து நின்றான்.

“நேத்துதான் வந்துச்சு மாமி” என்றாள் இஃப்பத். “உங்களுக்குத்தான். எடுத்துக்குங்க.”

கொடுத்த வீட்டிலேயே திறந்து பார்ப்பது மரியாதையில்லை. ஆகையால் மூவரும் தத்தம் டப்பாவோடு நல்லபடியாகப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் மிச்சப் பேர்க்காரிகளும் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். மொட்டை அலமாரியைப் பார்த்து இஃப்பத்துக்கு அழுகையாக வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. சலாம் மேல் கொஞ்சம், தன் மேல் கொஞ்சம், பாக்கி முழுவதும் பாத்திமா பீவியின் கூர்மையான கண் மேல்.

“இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல இஃப்பத்து” என்றான் சலாம்.

“சொல்லியிருந்தா உங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவீங்க மச்சான்?”

“அந்தத் திராட்சைக் கொடி?”

“காஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு வெல்வெட்டைச் சுருட்டிப் பீரோவுக்குள் எறிந்தாள்.

மறுநாள் காலையில் இட்லி வேகும்போதே பாத்திமா பீவி வந்துவிட்டாள். போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் டின் இருந்தது. முகத்தில் நேற்றைய சந்தோஷம் இல்லை.

“சலாம் எங்க? கூப்புடு அவன.”

சலாம் வந்து நின்றான்.

“சோப்பு இருக்கும், சென்ட்டு இருக்கும்னு தொறந்து பாத்தா, சம்கிடா! பல்லுல வச்சுக் கடிச்சுக்கூடப் பாத்தேன், மிட்டாயோன்னு. சரி, போவுதுன்னு விட்டேன். விடிஞ்சதும் ஹாஜரா வர்றா. அவளுக்குப் பாசி நெறம். ரஹ்மத்துக்குக் கத்தரிப்பூ. எல்லாம் அவளவ கட்டுற சேலை நெறம்! ஏண்டா, நீ தெருவுல தலையத் தூக்காமப் போறவன்னு நானே ஊர்ல பீத்திக்கிட்டுத் திரியிறேன். நீ என்னடான்னா பொம்பளைங்க சேலையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருக்க? ஹாஜரா மாப்பிள்ளை போன்ல கேட்டா அவ என்ன சொல்லுவா?”

பாவம் சலாம். பொண்டாட்டி நேற்றுக் கட்டிய சேலை என்ன நிறம் என்று கேட்டாலே முழிக்கிறவன். கோபத்தையும் மீறி இஃப்பத்துக்குச் சிரிப்பு முட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த பொய்யைத் தயார் செய்தாள். “அவங்களுக்கு என்ன தெரியும் மாமி? நாந்தான் போன்ல நெறம் சொல்லி...”

“வேணாம் இஃப்பத்து” என்றான் சலாம்.

அவன் குரல் அப்படி ஒன்றும் உயரவில்லை. ஆனாலும் அவள் நிறுத்திவிட்டாள்.

“கார்கோ எதுவும் வரல மாமி. வரவும் வராது. கடைய மூடிட்டாங்க, எனக்கு அங்க வேலை இல்ல. அந்த டப்பா எல்லாம் இவளோடது. நெறம் தெரியறதுக்காக உங்க பேரையெல்லாம் ஒட்டி வச்சிருந்தா. நீங்க கேட்டதும் எம்மானம் போவக் கூடாதுன்னு தூக்கிக் குடுத்துட்டா. நாளைக்குப் பெரம்பலூர்ல அவ வேலைய வைக்கணும். அது இல்லாம தைக்க முடியாது. திருப்பிக் குடுத்துருங்க மாமி. மத்த வூட்டுலயும் நானே போயிச் சொல்லிக் கேட்டுக்கிறேன்.”

இஃப்பத் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு அவன் மேல் பொங்கி வந்த பிரியத்தை மாமி எதிரில் எங்கே கொண்டுபோய் மறைப்பது என்று தெரியவில்லை. அடுப்பில் இட்லி தீய்வதுகூட உறைக்கவில்லை.

பாத்திமா பீவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இந்த விஷயம் பத்து நிமிஷத்தில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டித் திட்டக்குடி வரைக்கும் போகப் போகிறது என்றுதான் இஃப்பத் நினைத்தாள். மாமி டின்னை மடியில் வைத்து, ஒட்டியிருந்த தன் பேரைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“கல்ஃப்ல, தம்மாம்ல எம்மவன் சுக்கூர் இருக்கான்ல” என்றாள் கடைசியில். “அவனும் ரெண்டு வருஷமா கார்கோ வருது, கார்கோ வருதுன்னுதான் சொல்றான். நானும் கேக்குறவங்களுக்கெல்லாம் அதையேதான் சொல்லிட்டிருக்கேன்.”

பாத்திமா பீவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். டின்னை இஃப்பத் கையில் திணித்தாள்.

“இந்தா, உன் பச்சை. எம்பேரு போட்டது, ஒழுங்காத் தைக்கணும், ஆமா. டேய் சலாம், நில்லு. நீ தனியாப் போயி நின்னீன்னா ஆளுக்கொரு கதை கட்டுவாளுக. நானும் வரேன்.”

துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அவள் முன்னால் நடந்தாள். சலாம் காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே பின்னால் போனான். இஃப்பத் அடுப்பை அணைத்தாள். பீரோவிலிருந்து வெல்வெட்டை எடுத்து ஜன்னலோரமாக விரித்து, ஊசியில் நூல் கோத்தாள். எதிர்வீட்டு வாசலில் மாமியின் குரல் தெருவுக்கே கேட்டது.

“ஏ ஹாஜரா, அந்த டப்பாவ எடுத்தாடி. இவன் கார்கோ வரல.” அங்கே ஹாஜரா என்ன கேட்டாளோ தெரியவில்லை. அப்புறம் அதே குரல், முன்னைவிட உரக்க: “எங்க வூட்டுக்கும் வராதுடி!”