புது வாய்ப்பலகை

காலையில் அவள் மரப்பட்டறைக் கதவைத் திறந்ததும் ரம்ப மேசைக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். கணவர் இறந்த இந்தப் பதினொரு மாதமும் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "வந்துட்டேங்க" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பாள்.

"எனக்கு டம்ளர் சத்தம் மட்டுந்தான் கேக்கும் அண்ணி. டீ எங்க?" என்பான் கொழுந்தன்.

மேசையின் நடுவே வட்ட ரம்பப் பிளேடு எழும்பும் வாய் இருந்தது. அதை மூடும் வாய்ப்பலகை பழசு. பிளேடுக்கான சந்து அகன்றுபோய், ஒரு மூலையும் ஆடியது. மாற்றிவிடலாம் என்று கொழுந்தன் நூறு தடவை சொல்லிவிட்டான். அவள்தான் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாள். அந்த ஆடும் மூலையில்தான் அவர் இருக்கிறார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அது அடங்கினால் அவரும் அடங்கிவிடுவாரே!

போன வியாழக்கிழமை, கொழுந்தன் அறுத்த மரத்திலிருந்து மெல்லிய சீவல் ஒன்று சந்தில் விழுந்தது. பிளேடு அதைப் பிடித்து வீசியது. அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நின்றது.

"அண்ணனுக்கு என்மேல ஏதோ கோவம் போல" என்று சிரிக்கப் பார்த்தான். காது மடலில் ஒரு துளி ரத்தம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணவர் எந்த வேலையை முடித்தாலும் விரல் முட்டியால் தட்டுவார். பொருந்தியிருந்தால் இரண்டு தடவை. பொருந்தாவிட்டால் ஒரு தடவை. பதினொரு மாதமாக ஒன்றுதான் கேட்டிருக்கிறது. துணைக்கு வருகிறார் என்று இருந்துவிட்டாளே, பாவி!

மறுநாள் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேசைமேல் வைத்து, பிளேடை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத்தான் பழைய பலகையைக் கழற்றினாள். அதைப் பிளைவுட்டில் வைத்து வரைந்து, கோட்டுக்கு வெளியே கைரம்பத்தால் அறுத்து, கோடு வரை தேய்த்தாள். அடியில் நான்கு குட்டி ஸ்குரூக்கள். புதுப் பலகையை வாயில் உட்காரவைத்து, அது மேசையோடு மட்டமாகி, மேலே வைத்த அளவுகோல் எங்கும் தட்டாமல் படியும் வரை அவற்றைத் திருகினாள். பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமலிருக்க, மேசை விளிம்புக்கு அடியில் மாட்டுகிற மாதிரி ஓர் ஆணி.

"என் பொண்டாட்டி எடுத்துக் குடுத்த சட்டகூட இவ்வளவு பாந்தமா இல்ல அண்ணி."

"அவகிட்ட சொல்றேன் இரு."

புதுப் பலகையில் இன்னும் சந்து இல்லை; அதைப் பிளேடுதான் வெட்ட வேண்டும். பிளேடு வரும் இடத்துக்கு ஒதுக்கமாக, பலகையை அமுக்கி ஒரு மரச் சட்டம் வைத்துக் கிளாம்பால் இறுக்கினாள். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள்.

"சக்கரத்த நான் சுத்தவா?"

"வேணாம். நீ பக்கவாட்டுல போய் நில்லு. பிளேடுக்கு நேரா நிக்காத."

பிளக்கைச் செருகி மெஷினை ஓடவிட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாள். பிளேடு தானே தன் வழியை அறுத்துக்கொண்டு மேலே வந்தது. அதன் பருமனுக்குமேல் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை.

மெஷினை நிறுத்தி, பிளேடு ஓயும்வரை காத்திருந்து, பிளக்கைப் பிடுங்கினாள். கிளாம்பைக் கழற்றி அவனிடம் கொடுத்து, சட்டத்தை எடுத்துவிட்டு, பிளேடை மறுபடி இறக்கி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ஓர் ஆளை உள்ளே வைத்து மூடிவிட்டது போல இருந்தது.

"என்னங்க?" என்றாள், வாய்க்குள்ளேயே.

டொக். டொக்.

கொழுந்தன் கையிலிருந்த கிளாம்ப் தரையில் விழுந்தது.

"அண்ணி... நீங்களா தட்டுனீங்க?"

அவள் விரல்கள் பலகையைவிட்டு எழவே இல்லை.

"நான்தான். வேற யாரு? போ, டீ ஆறுது."

மறுநாள் காலை கதவைத் திறந்து வெகுநேரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.

"வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.