இருபத்துநான்கு நிமிடப் படமும் என் கணவரின் வாயும்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு அறைக் கதவுக்கு வெளியே பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். உள்ளே என் கணவர் பிறேம், என் தம்பி றயன் எடுத்த குறும்படத்தை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர் இன்னும் சோறு சாப்பிடவில்லை. வெளியே நான் கொப்பியும் பேனையுமாக இருக்கிறேன். றயன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறான். நேற்றும் துடைத்தான்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "அரியாலைக் கடலேரியில் மாலைச் சூரியன் செந்நிறக் கோலம்—"

வெட்டிவிட்டேன். பகல் ஒன்றரை மணிக்கு எந்த மாலைச் சூரியன்? பிறேம் வாசித்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.

2

பிறேம் மருதனார்மடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரின் பார்வையைத் திருத்துவது தொழில். ஊர் பார்த்த படங்களைத் திருத்துவது பொழுதுபோக்கு.

ஊரே அழுத படத்தைப் பற்றி அவர் சொன்னது: "கதாநாயகன் சாக இருபது நிமிசம் எடுத்தவன். அதுக்குள்ள ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்."

வெளிநாட்டில் விருது வாங்கிய படம்: "பதினொரு நிமிசம் ஒரு எருமையைக் காட்டுறாங்கள். எருமையே அலுத்துப்போய் எழும்பிப் போகுது. நாங்கள்தான் இருக்கிறம்."

(அடிக்குறிப்பு: அந்தப் படத்தில் ஐந்தாவது நிமிடமே அவர் குறட்டை விட்டார். பதினொன்று என்ற கணக்கு நான் கொடுத்தது.)

இந்தியப் படங்களில் எங்கள் ஊர்ப் பாத்திரம் வந்தால் போதும்: "எல்லா வசனத்துக்கும் பின்னால ஒரு 'கண்டியளோ' போட்டா யாழ்ப்பாணமாம். என்ரை அம்மா வாழ்நாளில எத்தினை தரம் அதைச் சொன்னவ?"

3

எங்கள் பக்கத்தில் குறும்படம் திரையிடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மங்கள விளக்கு, தலைமையுரை, படம். பிறகு ஒலிவாங்கி கை மாறும். எல்லோரும் "நல்ல முயற்சி" என்பார்கள். கடைசியில் தின்ன ரோல்சும் குடிக்கத் தேத்தண்ணீரும்.

போன வருடம் சுன்னாகத்தில் ஒலிவாங்கி பிறேமிடம் வந்து சேர்ந்தது.

"செத்தவர் மூச்சு விடுறார். ரெண்டு தரம் விட்டவர், எண்ணினனான்."

செத்தவராக நடித்தவர்தான் அன்றைய பிரதம விருந்தினர். எங்கள் வரிசைக்கு ரோல்ஸ் வரவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த றயனோ கண் வெட்டாமல் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

4

இப்போது விசயத்துக்கு வருகிறேன். றயனுக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது. இருபத்தெட்டாம் திகதி விமானம். இன்று காலை தேவாலய வாசலில் அவன் பிறேமை மறித்தான்.

"அத்தான், படத்தைப் பாத்திட்டு உண்மையைச் சொல்லுங்கோ. நல்லமெண்டா நான் போகேல்லை, இஞ்சை நிண்டு படம் எடுக்கிறன். சரியில்லையெண்டா பேசாமல் பிளேன் ஏறுறன்."

"டேய், உதை ஏன் என்னட்டைக் கேக்கிறாய்? மாமியைக் கேள்."

"அம்மாவுக்கு நான் பல்லு விளக்கினாலே நல்லம்தான். நீங்கள் ஒராள்தான் பொய் சொல்ல மாட்டியள்."

எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் நிற்க வேண்டும் என்று நேராகவே சொல்கிறேன். ஆனால் படம் சரியில்லையென்றால், பொய்யை நம்பி நின்று, நாற்பது வயதில் பிறந்தநாள் வீடுகளில் கமராவோடு அலையும் றயனையும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்கும் பயமாக இருக்கிறது.

5

காத்திருந்த நேரத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: பிறேம் வெளியே வந்து "நல்ல படம்" என்கிறார். (அவர் எந்தப் படத்தையும் அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: "சரியில்லை" என்கிறார். விமான நிலையத்தில் றயன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்த்து—

இதை நான் எழுத மாட்டேன்.

முடிவு மூன்று: படம் முடிய முன் கரண்ட் நின்றுவிடுகிறது. (மடிக்கணினியில் பற்றரி இருக்கிறது. சும்மா ஏமாற்றுகிறேன்.)

6

கதவு திறந்தது.

"படம் எப்பிடியப்பா?" என்றேன்.

பிறேம் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். "நல்லமெண்டுதான் படுது, ஜெசிதா."

"பிறகென்ன? போய்ச் சொல்லுங்கோவன்!"

"படம் நல்லமோ, அவன் நிக்கவேணும் எண்ட ஆசையில எனக்கு அப்பிடிப் படுதோ தெரியேல்லை." குரலைத் தணித்தார். "அவன் போயிட்டா நான் ஆரோடை இருந்து படம் பாக்கிறது? நீ பாதியில தேத்தண்ணி போட எழும்பிடுவாய்."

பதினான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்த மனிதருக்கு ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் போனது இன்றைக்குத்தான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வந்தது.

7

முற்றத்தில் அவர் என்ன சொன்னார் என்று எழுதுவது எனக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் நான் எதை எழுதினாலும் முதலில் வாசிப்பவன் றயன். இங்கே நான் போடும் வரியைத்தான் அத்தானின் உண்மையான தீர்ப்பு என்று எடுப்பான். நான் அக்கா, அவர் அத்தான். எங்கள் இரண்டு பேரின் வாயையும் நம்ப முடியாது.

உங்களுக்கு அவனைத் தெரியாது. அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் இருந்து கழிக்கப் போவதுமில்லை. ஆகவே உண்மை சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். படத்தை அனுப்பிவைக்கிறேன், இருபத்துநான்கு நிமிடம்தான். பார்த்துவிட்டு கீழே உள்ள வரியை நிரப்பித் தாருங்கள். இருபத்தெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

பிறேம் படியிறங்கிப் போய் றயனின் தோளில் கையை வைத்தார். "தம்பி," என்றார், "உன்ரை படம்