பழைய பஞ்சு

பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன் அன்று காலை சிடுசிடுப்போடுதான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மனைவி ருக்கு அவருடைய பழைய தலையணை உறையைத் துவைக்க எடுத்துவிட்டாள். புது உறையில் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

சுண்டெலி, வெள்ளெலி, பெருச்சாளி மூன்றுக்கும் மூக்கின் அடிப்பக்கத்தில் ஒரு தனி உறுப்பு உண்டு. வாசனையைக் கொண்டு தன் கூட்டம் எது, அந்நியன் யார் என்று அறிய அது உதவுகிறது. ஆண்டவன் அந்தச் சிறு மூக்குகளுக்குள்ளும் உறவை வைத்திருக்கிறான். எந்த இனத்தில் அது எவ்வளவு கூர்மை என்று ஒப்பிடுவதிலேயே பேராசிரியரின் இருபது வருஷம் போயிருந்தது. மாணவி வைஷ்ணவியின் உதவித்தொகை இன்னும் ஓராண்டு நீளுமா என்பதை அன்று மாலை வரும் குழு முடிவு செய்யும்.

"என்னம்மா இந்த நாத்தம்! வர்றவா மூக்கைப் பிடிச்சுண்டா நிப்பா? எல்லாக் கூண்டையும் கழுவு. பஞ்சு புதுசா போடு."

"சார், பழைய வாசனை போயிட்டா அதுங்க..."

"எனக்கே பாடமா?"

கழுவினாள். ஒற்றைக்கண் சுண்டெலி இருந்த கூண்டில் மட்டும் கை தயங்கியது. ஒரு பிடி பழைய பஞ்சைத் திரும்ப வைத்தாள்.

மாலையில் குழுத் தலைவர் ஹெர்பர்ட் வந்தபோது கூடம் முழுக்க கழுவின சோப்பின் ரோஜா மணம். காலைவரை ஒட்டிப் படுத்திருந்த ஆண் சுண்டெலிகள் கூண்டுக்குக் கூண்டு ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. ஒற்றைக்கண்ணன் கூண்டில் மட்டும் எல்லாம் ஒரே குவியலாகத் தூங்கின.

"இதுங்க மட்டும் எப்படிம்மா சாதுவா இருக்கு?"

"அது வேற ரகம்" என்று முந்திக்கொண்டார் பேராசிரியர்.

தலையாட்டினால் போதும், பேராசிரியரின் மனம் கோணாது, உதவித்தொகையும் நீளும். வைஷ்ணவி ஹெர்பர்ட் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார், ஒரே ரகம்தான். இதுல மட்டும் பழைய பஞ்சு கொஞ்சம் வச்சேன். கண்ணு சரியில்லாத ஜீவன், படுக்கையைப் பிடுங்க மனசு வரல."

ஹெர்பர்ட் சிரித்தார். "வெங்கடசுப்ரமணியன், இருபது வருஷமா நீங்க எழுதுறதை இந்தப் பொண்ணு ஒருத்திதான் நம்பியிருக்கா! இன்னொரு வருஷம் இருந்துட்டுப் போம்மா. முதல்ல சண்டை போடுறதுங்களைப் பிரிச்சு வை."

இரவு மல்லேஸ்வரம் வீட்டில் படுக்கப்போன பேராசிரியர் தலையணையைப் பார்த்து நின்றார். பழைய உறை.

"தோய்க்கலையா, ருக்கு?"

"காலம்பற உங்க மூஞ்சியைப் பார்த்தேன். பாவமா இருந்தது" என்றாள் ருக்கு.